இலவம்பஞ்சு மெத்தையும் 23 பாசிட்டிவும்: ஒரு நாள்பட்ட சைனஸ் கேஸ்

34 வயதுப் பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர் இருக்கும் வீடு. "பத்து வருசமா சைனஸுங்க டாக்டர். இனி ஆப்பரேசன் ஒண்ணுதான் வழின்னு சொல்லிப்போட்டாங்க. பண்ணித்தான் ஆகோணுங்களா?" இதுதான் அவர் கேட்டு வந்த கேள்வி. கூடவே ஒரு துணிக்கடைப் பை நிறைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள், மருந்துச் சீட்டு. காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த மாதிரிப் பை பழக்கமானதுதான். ஆனால் நம் ஊரில் மூக்குத் தொல்லைக்கு நடக்கிற எல்லாக் குழப்பமும் இவர் ஒருவருக்கே நடந்திருந்தது. அதனால்தான் அவர் சம்மதத்தோடு, அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி, முழுசாக எழுதுகிறேன்.

பையைக் கொட்டிப் பார்த்தோம். சைனஸ் எக்ஸ்ரே மூன்று, மூன்றிலும் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரே வரி. கணக்கில்லாமல் ஆன்டிபயாட்டிக். லீவோசெட்ரிசினும் மான்டெலுகாஸ்டும் சேர்ந்த அலர்ஜி மாத்திரை வருடக்கணக்கில் அநேகமாக ஒவ்வொரு ராத்திரியும். மழைக்காலத்தில் ஒரு 'அலர்ஜி ஊசி', அதாவது உடம்பில் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு. மூக்கு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டு. அப்புறம், ஒரு லேபில் எடுத்த 80க்கும் மேற்பட்ட பொருட்களுக்கான அலர்ஜி ரத்தப் பரிசோதனை. அதில் 23 பாசிட்டிவ்.

அந்த 23தான் என்னை அதிகம் வருத்தியது. கத்தரிக்காய், தக்காளி, பால், முட்டை, நிலக்கடலை, வாழைப்பழம், இறால், கோதுமை என்று பட்டியல் நீள, அத்தனையையும் அவர் நிறுத்திவிட்டார். ரசம் சாதம், இட்லி, கீரை என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். எடை குறைந்து, ஹீமோகுளோபின் 9.2க்கு வந்திருந்தது. மூக்கு அப்படியே அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் எப்படிப் போகிறது

நான் பரிசோதனைத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் கண் விழிப்பதிலிருந்து ராத்திரி படுப்பது வரை சொல்லச் சொன்னேன். இந்தக் கால் மணி நேரப் பேச்சை எந்த ஸ்கேனும் ஈடு செய்யாது.

விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்ததும் தும்மல், அதுவும் ஒன்றிரண்டு இல்லை, அடுக்கடுக்காக. மூக்கிலும் அண்ணத்திலும் கண்ணிலும் அரிப்பு, தண்ணியாக ஒழுகல். கம்பெனிக்குப் போய்ப் பதினோரு மணி ஆனால் ஓரளவு அடங்கிவிடும். ராத்திரி படுத்ததும் மூக்கு முழுக்க அடைப்பு. சமையலில் பெருங்காயம் போட்டது தெரியாத அளவுக்கு வாசனை குறைந்திருந்தது. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டி, வேலையை விடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் சம்பளத்தில்தான் பிள்ளைகளுடைய ஸ்கூல் பீஸ் கட்டுகிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "லீவு நாள்லதானுங்க இன்னும் மோசம், படுக்கையெல்லாம் உதறி மடிக்கறப்ப கண்ணே தெரியாது" என்றார். அம்மா வீட்டுக்குப் போனால்? தாராபுரம் பக்கம் கிராமம், அங்கே திண்ணையில் பாய் விரித்துப் படுப்பார்கள், அங்கே நன்றாகத் தூங்குவாராம். அப்படியானால் கம்பெனியில் தணிந்து வீட்டில் கூடுகிற தொல்லை இது. பஞ்சுத் தூசி யார் மூக்கையும் உறுத்தும், முகக்கவசம் போடுவது நல்லது. நூல் மில்லில் பஞ்சு உடைக்கும் இடத்திலும் பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும் வேலை செய்பவர்களுக்கு அதனால் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுக்கும். இவர் பார்ப்பது தைத்து முடித்த துணி, நெஞ்சு இறுக்கமும் இல்லை. வேலையை விட வேண்டியதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

வீட்டில் அவர் படுப்பது கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சு மெத்தை. பன்னிரண்டு வருடம் ஆகிறது.

இன்னும் இரண்டு விஷயம் அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. முதலாவது தலைவலி. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் மாதவிலக்கை ஒட்டி, ஒரு பக்கப் புருவத்துக்கு மேல் விண் விண்ணென்று வலித்து, வெளிச்சம் ஆகாமல், வாந்தி எடுத்து, இருட்டறையில் தூங்கினால் தெளியும். இதையும் சைனஸ் தலைவலி என்றுதான் இத்தனை வருடமும் மருந்து கொடுத்திருக்கிறார்கள். இது மைக்ரேன். மைக்ரேன் வரும்போது மூக்கு அடைப்பதும் ஒழுகுவதும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் உலகம் முழுக்க நடக்கிறது. தனக்கு சைனஸ் தலைவலி என்று நம்பியோ, மருத்துவர் அப்படிச் சொல்லியோ வந்த 2,991 பேரைப் பரிசோதித்து 2004ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

இரண்டாவது, தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சைலோமெட்டாசோலின் மூக்குச் சொட்டு. "அது ஊத்தாம தூக்கமே வராதுங்க." ராத்திரி மூன்று தடவை ஊற்றுகிறார், வருடக்கணக்காக. இந்தச் சொட்டு மூக்கின் உள்சவ்வில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், சில நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும். ஆனால் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கும்போது சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும், அதற்காக மறுபடி ஊற்ற வேண்டும், அது மறுபடி வீங்கும். இவருக்கு ராத்திரி அடைப்பில் பெரும்பங்கு அந்தச் சொட்டு உண்டாக்கியதே. சீட்டு இல்லாமல் கடையில் கிடைப்பதால் இதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

வலி மாத்திரை போட்டால் மூச்சு இறைக்கிறதா, வீசிங் உண்டா, ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறதா, ரத்தம் கலந்து வருகிறதா என்றும் கேட்டேன். எதற்கும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தொல்லை என்றால் மேல்தாடைப் பல்லின் வேர், பூஞ்சைக் கட்டி, அபூர்வமாகப் புற்று என்று தேட வேண்டியிருக்கும், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

பரிசோதனை

மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமராவான எண்டோஸ்கோப்பில் இரண்டு பக்கமும் உள்சவ்வு வெளுத்து, கொஞ்சம் நீலம் பாய்ந்து, வீங்கியிருந்தது. பாலிப், அதாவது சவ்விலிருந்து தொங்கும் சதை வளர்ச்சி, இல்லை. வலது பக்கம் சைனஸ் வாய் திறக்கும் இடத்தில் கெட்டியான சளி கோடாக வழிந்தது. மூக்கின் நடுத்தண்டு இடது பக்கம் லேசாக வளைந்திருந்தது. அப்படியே நேராக இருக்கும் நடுத்தண்டு மனிதர்களில் குறைவு, வளைவு தெரிகிறது என்பதற்காக மட்டும் கத்தி எடுக்கக் கூடாது. மூக்கடைப்பு அல்லது சளி, கூடவே முக அழுத்தமோ வாசனைக் குறைவோ, 12 வாரங்களுக்கு மேல் இருந்து, எண்டோஸ்கோப்பிலோ சி.டி.யிலோ அதற்கான அடையாளமும் இருந்தால்தான் நாள்பட்ட சைனஸ் அழற்சி என்கிறோம். இவருக்கு அது உண்மையிலேயே இருந்தது, ஆனால் சிறிய அளவில். அதற்கு மேல் அலர்ஜி, அதற்கு மேல் சொட்டு மருந்தின் வீக்கம், தனியாக மைக்ரேன். நான்கையும் ஒரே மாத்திரையில் அடக்கப் பார்த்ததால்தான் பத்து வருடம் போயிருக்கிறது.

அலர்ஜிக்குத் தோல் குத்துப் பரிசோதனை செய்தோம். அதற்கு ஏழு நாள் முன்பே லீவோசெட்ரிசினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல் எதற்கும் தடிக்காது. அந்த ஏழு நாள் அவருக்குச் சிரமமாகத்தான் இருந்தது. முன்கையில் ஒவ்வொரு ஒவ்வாமைப் பொருளின் கரைசலையும் ஒரு துளி வைத்து, மேல்தோலை மட்டும் சின்ன ஊசிமுனையால் தொடுவோம், ரத்தம் வராது. கூடவே, அலர்ஜியின்போது உடம்பே சுரக்கும் ஹிஸ்டமின் ஒரு துளி, வெறும் உப்புநீர் ஒரு துளி. ஹிஸ்டமின் தடித்தால் தோல் சரியாக வேலை செய்கிறது, உப்புநீர் தடிக்காவிட்டால் வெறும் குத்துக்கே தோல் தடிக்கவில்லை என்று அர்த்தம். 15 முதல் 20 நிமிடத்தில் அளந்து பார்த்து, உப்புநீரைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ்.

நான் 80 பொருள் வைக்கவில்லை. அவர் சொன்ன கதைக்குப் பொருந்தக்கூடிய பத்துப் பன்னிரண்டு மட்டும். ஹிஸ்டமின் 5 மி.மீ., உப்புநீர் 0. வீட்டுத் தூசிப் பூச்சிகளான டெர்மட்டோஃபகாய்டஸ் வகைகள் இரண்டுக்கும் 9, 7. வெப்ப மண்டலத்தில் அதிகம் காணப்படும் புளோமியா டிராபிகாலிஸ் பூச்சிக்கு 8. கரப்பானுக்கு 4. பார்த்தீனியம், புல் மகரந்தம், பூஞ்சை, நாய், பூனை எல்லாம் 0. விடியற்காலைத் தும்மல், ஞாயிற்றுக்கிழமை, மெத்தை, திண்ணைத் தூக்கம் எல்லாவற்றோடும் இந்த முடிவு ஒத்துப்போனது.

இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது, நீளம் 0.3 மி.மீ. அளவுதான். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று, வியர்வை ஈரம் உள்ள மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்தான் மூக்கைத் தூண்டுவது. வீட்டுத் தூசி ஒத்துக்கொள்ளாது என்று காலங்காலமாகத் தெரிந்திருந்தாலும், அந்தத் தூசியில் இருக்கும் குற்றவாளி இந்தப் பூச்சிதான் என்று நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் வூர்ஹார்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் சொன்னது 1964ல்தான்.

சரி, அந்த 23 பாசிட்டிவ்? ரத்தப் பரிசோதனை பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஐஜிஇ எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருப்பது ஒன்று, அதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாமல் போவது வேறொன்று. இவருக்கு மொத்த ஐஜிஇ அதிகம், அப்படிப்பட்டவர்களுக்குப் பல உணவுகளில் லேசான பாசிட்டிவ் வரும். காய், பழம், தானியம் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிரான ஐஜிஇ இருந்தாலும் காய்கறிக் கடையே பாசிட்டிவ் ஆகும், அதனால் பெரும்பாலும் எந்தக் கெடுதலும் இல்லை. இறால் இன்னும் சுவாரசியமானது. இறாலின் தசையில் இருக்கும் ட்ரோப்போமயோசின் என்ற புரதமும், தூசிப் பூச்சியிலும் கரப்பானிலும் இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். பூச்சிக்கு எதிராக உருவான ஐஜிஇ இறாலையும் அடையாளம் காட்டிவிடும். சிலருக்கு இது நிஜமான இறால் அலர்ஜியாகவே ஆவதும் உண்டு என்பதால் அலட்சியமாகத் தள்ளவும் முடியாது.

அதனால் உணவுக்கு மறுபடி அவரிடமே கேட்டேன். பால் நிறுத்தியிருக்கிறார், ஆனால் கம்பெனி டீயில் பால் இருக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. கோதுமை நிறுத்தியிருக்கிறார், டீயோடு சாப்பிடும் பிஸ்கட் கோதுமை மாவுதான். கத்தரிக்காய் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டவர், ஒருநாளும் வாய் வீங்கியதில்லை, தடிப்பு வந்ததில்லை. காய்கறி, பால், பழம், முட்டை எல்லாம் ஒவ்வொன்றாக வீட்டிலேயே திரும்பச் சாப்பிட்டார், எந்தத் தொந்தரவும் வரவில்லை. கடலையையும் இறாலையும் மட்டும், நீண்ட நாள் நிறுத்தியதால், ஆஸ்பத்திரியில் மருந்து கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சாப்பிட வைத்தோம். இரண்டும் ஒத்துக்கொண்டது. இரும்புச்சத்து மாத்திரை தனியாகக் கொடுத்தேன். உணவு அலர்ஜி என்பது சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் காட்டுவது. அந்தக் கதையே இல்லாதவருக்கு இத்தனை உணவுப் பரிசோதனை எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு பெண்ணை ஒரு வருடம் பட்டினி போட்டிருக்கிறது இது.

நுரையீரல் ஊதும் பரிசோதனையும் செய்தோம், ஏனென்றால் மூக்கு அலர்ஜி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு ஆஸ்துமா சத்தமில்லாமல் கூடவே இருக்கும். இவருக்கு நார்மல். சி.டி. ஸ்கேனை அப்போது எடுக்கவில்லை, சிகிச்சை முடிந்து மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அது வேண்டும்.

சிகிச்சை

முதல் வேலை சொட்டு மருந்தை நிறுத்துவது. ஒரு பக்க மூக்கில் முதலில் நிறுத்தி, பத்து நாள் கழித்து மறுபக்கம். அதோடு ஃப்ளூட்டிகசோனும் அசெலாஸ்டினும் சேர்ந்த மூக்கு ஸ்ப்ரே, காலையும் ராத்திரியும். ஸ்ப்ரே ஏற்கனவே அடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை என்றார். எப்படி அடித்தீர்கள் என்று செய்து காட்டச் சொன்னால், தலையை அண்ணாந்து, நடுத்தண்டைப் பார்த்து அடித்து, உடனே பலமாக உறிஞ்சினார். மருந்து தொண்டைக்குத்தான் போயிருக்கும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை காதுப் பக்கம் பார்க்க வேண்டும், மெதுவாக மூச்சு இழுத்தால் போதும். ஸ்ப்ரேயில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பயந்தார். மூக்கில் அடிப்பதில் உடம்புக்குள் போவது மிக மிகக் குறைவு, மழைக்காலம்தோறும் போட்ட அந்த ஊசிதான் சர்க்கரையையும் எலும்பையும் கெடுக்கக்கூடியது என்று விளக்கினேன்.

ஸ்ப்ரேக்கு முன்னால் உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். 240 மி.லி. தண்ணீருக்கு அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்டதால் மூளையைத் தாக்கும் அமீபா புகுந்து 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில் இரண்டு பேர் இறந்தார்கள். நம் பக்கத்துக் கேரளாவில் 2024ல் குளத்து நீரிலிருந்து அதே வகை நோய் வந்து பிள்ளைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டோம்.

மான்டெலுகாஸ்டை நிறுத்தினேன். 2020ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்துக்கு, மனநிலையைப் பாதிக்கலாம் என்று மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்து, சாதாரண மூக்கு அலர்ஜிக்கு வேறு மருந்து பலிக்காதவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. ஆஸ்துமா இல்லாத ஒருவர் அதை வருடக்கணக்கில் விழுங்க எந்த நியாயமும் இல்லை.

மைக்ரேனுக்கு முதலில் நினைவுக்கு வருவது புரோப்ரனலால். ஆனால் பிற்பாடு, அலர்ஜிப் பொருளுக்கே உடம்பைப் பழக்கும் இம்யூனோதெரபி தேவைப்படலாம் என்று யோசனை இருந்தது. அப்போது ஏதாவது கடுமையான ஒவ்வாமை வந்து அட்ரினலின் போட நேர்ந்தால், புரோப்ரனலால் எடுப்பவருக்கு அது சரியாக வேலை செய்யாது. இன்னொரு மைக்ரேன் மருந்தான அமிட்ரிப்டிலின், தோல் பரிசோதனையை மறுபடி செய்ய நேர்ந்தால் அதைக் கெடுக்கும். நரம்பியல் மருத்துவர் ஒருவரோடு பேசி, ராத்திரியில் ஃப்ளூனாரிசின் கொடுத்தோம்.

மெத்தைதான் பெரிய பேச்சுவார்த்தை ஆகிவிட்டது. சீராக வந்ததைத் தூக்கிப் போடுவதா என்று மாமியார் வருத்தப்பட்டார், அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொன்னேன். வந்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெயில்ல போட்டு அடிச்சா போதாதுங்களா?" என்றார். நியாயமான கேள்வி. நல்ல வெயிலில் பூச்சி சாகும், ஆனால் எச்சம் அப்படியே இருக்கும், அடிக்கும்போது அது காற்றில் பறந்து மூக்குக்குத்தான் வரும். உறை மட்டும் போடலாமா என்றால், மூக்கு அலர்ஜிக்கு வெறும் உறை போட்டுப் பார்த்த பெரிய ஆய்வு 2003ல் வந்தது, பலன் தெரியவில்லை. ஒன்றை மட்டும் செய்தால் போதாது. கடைசியில் மெத்தை மாமியார் அறைக்குப் போயிற்று, இவர் கோரைப்பாயும், வாரம் ஒரு தடவை கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்கும் போர்வையும் விரிப்பும், இலவம்பஞ்சு இல்லாத தலையணையும் என்று மாறினார். படுக்கையைத் தட்டி மடிக்கும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் அதை ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு

மூன்றாவது வாரம் மிகக் கஷ்டமாக இருந்தது. இரண்டு மூக்கும் அடைத்து, உட்கார்ந்தே தூங்குகிறேன், ஒரே ஒரு சொட்டு விட்டுக்கொள்ளட்டுமா என்று போனில் கேட்டார். நான்கைந்து நாளுக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து அந்தப் பள்ளத்தைத் தாண்ட வைத்தோம். சொட்டுப் பாட்டில் வீட்டில் இருக்கவே கூடாது என்று பிள்ளைகளிடம் கொடுத்து வீசச் சொல்லிவிட்டார்.

எட்டு வாரத்தில், மூக்கு சைனஸ் தொல்லையை அளக்கும் ஸ்னாட்-22 கேள்வித்தாளில் 58லிருந்து 27க்கு இறங்கியிருந்தார். 22 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 110. 9 குறைந்தாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும். இப்போது சி.டி. எடுத்தோம். சைனஸ்கள் எவ்வளவு அடைத்திருக்கின்றன என்று 24க்குப் போடும் லண்ட்-மெக்கே மதிப்பெண்ணில் 3. சைனஸ் நோயே இல்லாதவர்களுக்கு வேறு காரணத்துக்காக எடுக்கும் ஸ்கேனிலேயே 4 வரை சாதாரணமாக வரும். ஆகவே ஆபரேஷன் இல்லை. எண்டோஸ்கோப்பிக் சைனஸ் ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை, நானே செய்கிறவன். பாலிப் நிறைந்தவர்களுக்கும், மருந்துக்கு மசியாதவர்களுக்கும், அலர்ஜி பூஞ்சை சைனஸுக்கும் அது வாழ்க்கையை மாற்றும். ஆனால் படுக்கையில் இருக்கும் பூச்சிக்கு நடுத்தண்டை நிமிர்த்திப் பயனில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சறுக்கல். சளி பிடித்து ஐந்தாறு நாளில் தேறுகிற மாதிரி இருந்து, திடீரென்று வலது கன்னத்தில் வலி, காய்ச்சல், மஞ்சள் சளி. இது பாக்டீரியா சைனஸ்தான், அமாக்சிசிலின் கிளாவுலனேட் ஒரு கோர்ஸ் கொடுத்தேன், அடங்கியது. இத்தனை வருடம் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்கில் தேவைப்பட்டு எழுதியது இது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

எட்டு மாதம் கழித்தும் ஸ்ப்ரேயை நிறுத்தினால் பத்து நாளில் தும்மல் திரும்பியது. அப்போதுதான் இம்யூனோதெரபி பற்றிப் பேசினோம். ஒத்துக்கொள்ளாத பொருளையே அளந்து அளந்து கொடுத்து உடம்பைப் பழக்கும் இந்த முறையை லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் லியோனார்ட் நூன் புல் மகரந்தத்தை வைத்து 1911லேயே எழுதியிருக்கிறார். குறைந்தது மூன்று வருடம் எடுக்க வேண்டும், செலவு உண்டு, எல்லோருக்கும் முழுசாகப் பலிக்காது. இவற்றை முதலிலேயே சொல்லிவிட்டேன். நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தார், வாராவாரம் ஊசிக்கு லீவு போட முடியாது. பூச்சிக்கு மட்டும்தான் எழுதினேன். கரப்பானையும் சேர்த்து ஒரே பாட்டிலில் கலந்தால் அதன் நொதிகள் மற்றதைச் சிதைக்கக்கூடும், ஒவ்வொன்றின் அளவும் குறைந்துபோகும். முதல் சொட்டை எங்கள் முன்னால் விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தோம், வாய் கொஞ்சம் அரித்தது, வேறொன்றும் இல்லை.

இப்போது அது தொடங்கி ஒன்றரை வருடம். ஸ்னாட்-22 கடைசியாக 16. ஹீமோகுளோபின் 12.1. தலைவலி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது, ஃப்ளூனாரிசினை ஆறு மாதத்திலேயே நிறுத்தியாயிற்று. ஸ்ப்ரே ராத்திரி ஒரு வேளை மட்டும், மார்கழியில் இரண்டு வேளை. வாசனை முழுசாகத் திரும்பவில்லை, காபி, பெருங்காயம் தெரிகிறது, மல்லிகை இன்னும் மங்கல்தான் என்கிறார், அதற்காக எண்டோஸ்கோப்பில் பாலிப் ஏதும் புதிதாக வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன். அதே கம்பெனியில் அதே செக்கிங் டேபிளில் வேலை செய்கிறார். மூன்று வருடம் முடிந்ததும் நாக்குக்கு அடியில் விடும் சொட்டை நிறுத்திப் பார்ப்பதாக இருக்கிறோம். இடையில் ஒரு பக்கம் மட்டும் அடைப்போ, ரத்தம் கலந்த சளியோ, வீசிங்கோ வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.